ரெனே லெனெக்: மார்பின் ஒலிகளைப் பொருள் கண்ட மருத்துவர்

ரெனே லெனெக் (1781–1826) பிரான்சு நாட்டைச் சேர்ந்த மருத்துவர். ஸ்டெதஸ்கோப் கருவியைக் கண்டுபிடித்தவர் என்று பாடநூல்கள் அவரை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. கருவியை உருவாக்க அவருக்குச் சில நொடிகளே தேவைப்பட்டன. அதன் வழியே கேட்ட ஒவ்வோர் ஒலியும் மார்பினுள் எந்த மாற்றத்தால் எழுகிறது என்று உறுதிசெய்யவோ ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. ஒலியின் சில அடிப்படை இயல்புகளை அறிந்தவர்களுக்கு இந்த இரண்டாவது பணியின் அருமை எளிதில் விளங்கும். ஆகவே, இப்பக்கத்தில் அவரது வாழ்க்கையும் ஒலியின் இயல்பும் சேர்த்தே விளக்கப்படுகின்றன.

இளமையும் கல்வியும்

பிரான்சின் மேற்குக் கோடியில் கடலையொட்டி அமைந்த பிரித்தானிப் பகுதியில், கெம்பேர் எனும் ஊரில் 1781 பிப்ரவரி 17 அன்று லெனெக் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், கவிதை எழுதுவதில் நாட்டம் மிக்கவர், குடும்பப் பொறுப்பில் நாட்டம் குறைந்தவர். லெனெக்கிற்கு ஐந்து வயதானபோது தாய் இறந்தார். காசநோயே காரணமாக இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. பின்னர், நான்த் நகரில் மருத்துவராகப் பணியாற்றிய தந்தையின் உடன்பிறந்தவர் கியோம் லெனெக்கின் வீட்டில் அவர் வளர்ந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் கொடுமையான ஆண்டுகள் அவை. வீட்டின் அருகிலிருந்த சதுக்கத்திலேயே கில்லட்டின் நிறுத்தப்பட்டிருந்தது.

அவர் 14 வயதிலேயே மருத்துவம் பயிலத் தொடங்கி, ராணுவ மருத்துவமனையில் காயமுற்றோருக்குக் கட்டுப்போடும் பணியில் ஈடுபட்டார். உடல் மெலிந்தது, உயரமும் குறைவு. ஓய்வு நேரத்தில் புல்லாங்குழல் வாசித்தார். இசையில் பழகிய அவரது காது பிற்காலத்தில் மருத்துவத்துக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம். 1801இல் பாரீசு சென்ற அவர் 1803இல் மருத்துவம், அறுவை மருத்துவம் ஆகிய இரண்டிலும் பரிசுகள் பெற்று, 1804இல் பட்டம் பெற்றார்.

பாரீசில் அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர் கோர்விசார். நெப்போலியனின் மருத்துவராகவும் இருந்தவர். மார்பை விரல்களால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு நோயறியும் முறையை அவர் தம் மாணவர்களுக்குக் கற்பித்தார். இம்முறையை 1761இல் நூலாக எழுதி வெளியிட்டவர் வியன்னாவில் பணியாற்றிய அவுவன்புருக்கர். அவருடைய தந்தை விடுதி நடத்தியவர். பீப்பாயில் திராட்சை மது எந்த மட்டம் வரை உள்ளது என்று தட்டிப் பார்க்கும் வழக்கத்திலிருந்து இம்முறை தோன்றியதாகச் சொல்வர். தேங்காயையும் மண்பானையையும் தட்டிப் பார்த்து வாங்கும் நமக்கு இது வியப்பளிக்காது. காற்று நிறைந்த இடத்தைத் தட்டினால் முழக்கமாக ஒலிக்கும். நீரோ கெட்டியான பொருளோ இருந்தால் ஒலி மந்தமாகும். மார்பும் அவ்வாறே. எனினும் அந்த நூல் நெடுங்காலம் போதிய கவனம் பெறவில்லை. 1808இல் கோர்விசார் அதனைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட பின்னரே இம்முறை பரவலாயிற்று.

1816ஆம் ஆண்டு

1816இல் லெனெக் பாரீசின் நெக்கர் மருத்துவமனையில் மருத்துவராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டில் இதயநோய் அறிகுறிகளுடன் ஓர் இளம்பெண் அவரிடம் வந்தார். பெண்ணின் உடல் பருமனாக இருந்ததால், தட்டிப் பார்த்தும் தொட்டுப் பார்த்தும் பயன் கிட்டவில்லை. நோயாளியின் மார்பில் நேரடியாகக் காதை வைத்துக் கேட்கும் முறை பழங்காலம் முதலே இருந்தது. ஆயினும் ஓர் இளம்பெண்ணிடம் அதனைச் செய்வது முறையாகாது என்று அவர் கருதினார்.

அப்போது அவருக்கு ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. நீண்ட மர உத்தரத்தின் ஒரு முனையில் காதை வைத்துக்கொண்டால், மறுமுனையில் குண்டூசியால் கீறும் ஒலிகூடத் தெளிவாகக் கேட்கும். உடனே ஒரு காகிதக் கற்றையை இறுக்கமாகச் சுருட்டி, அதன் ஒரு முனையைப் பெண்ணின் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். நேரடியாகக் காதை வைத்துக் கேட்டபோதுகூட அவர் அதுவரை கேட்டிராத தெளிவுடன் இதயத்துடிப்பு கேட்டது. சிறுவர்கள் மரக்கட்டையை வைத்து விளையாடியதைக் கண்டே அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது என்ற கதையும் வழங்கி வருகிறது. அவரே எழுதிய விவரத்தில் சிறுவர்கள் இல்லை; எல்லோரும் அறிந்த ஓர் ஒலியியல் உண்மை என்ற அளவிலேயே அவர் அதனைக் குறிப்பிடுகிறார்.

குண்டூசியின் ஒலி மரத்தில் ஏன் கேட்கிறது?

ஒலி என்பது அதிர்வு. அதிரும் பொருள் தன்னைச் சுற்றியுள்ள துகள்களைத் தள்ளுகிறது. அவை அடுத்துள்ள துகள்களைத் தள்ளுகின்றன. ஒவ்வொரு துகளும் தன் இடத்திலேயே முன்னும் பின்னும் அசைகிறது. பயணம் செய்வது அழுத்த மாற்றம் மட்டுமே. ஆகவே, ஒலி பரவுவதற்கு ஓர் ஊடகம் தேவை. வெற்றிடத்தில் ஒலி இல்லை. 20 டிகிரி செல்சியசு வெப்பநிலையில் ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டரும், நீரில் ஏறத்தாழ 1,480 மீட்டரும், நம் உடலின் மென்திசுக்களில் ஏறத்தாழ 1,540 மீட்டரும் செல்கிறது. மரத்தில், அதன் இழையோட்டத்தின் வழியே, அதனினும் பல மடங்கு விரைந்து செல்கிறது.

ஆனால் குண்டூசியின் ஒலியைக் கேட்கச் செய்தது இந்த வேகம் மட்டுமே என்று எண்ணுவது சரியன்று. பலரும் இங்கேதான் குழம்புகின்றனர். வேறு இரண்டு காரணங்கள் உள்ளன.

ஒன்று, பரவுதல். திறந்த வெளியில் ஒலி எல்லாத் திசைகளிலும் விரிகிறது. தொலைவு இரு மடங்கானால் அதன் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. உத்தரத்திலோ குழலிலோ அது அவ்வாறு விரிய வழியில்லை. குளத்தில் எறிந்த கல்லின் அலை விரிய விரிய அடங்கிவிடும். அதே அலையை ஒரு வாய்க்காலுக்குள் விட்டால் நெடுந்தூரம் செல்லும் அல்லவா, அது போல.

மற்றொன்று, எல்லையில் திரும்புதல். தன்மையில் பெரிதும் வேறுபட்ட இரண்டு ஊடகங்கள் சந்திக்கும் எல்லையில் ஒலியின் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. காற்றிலிருந்து நேரடியாகத் தோலின் மீது விழும் ஒலியாற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ளே நுழைகிறது. உள்ளிருந்து வெளியே வரும் ஒலிக்கும் இதே தடை உண்டு. நம் மார்பினுள் இதயம் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தும் அருகில் அமர்ந்திருப்பவருக்கு அது கேட்காமல் இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். மரத்தினுள் நுழைந்த கீறல் ஒலி காற்றுக்குள் எளிதில் தப்ப இயலாமல் மரத்துக்குள்ளேயே ஓடுகிறது. காதை மரத்தில் அழுத்தி வைப்பவர் காற்று என்னும் இடையீட்டைத் தவிர்த்துவிடுகிறார். சுருட்டிய காகிதமும் மார்பையும் காதையும் இவ்வாறே இணைத்தது.

மூன்றாவதாக நம் காதின் எல்லையையும் கருத வேண்டும். மனிதர் கேட்கக்கூடிய அதிர்வெண்கள் நொடிக்கு 20 முதல் 20,000 வரை, அதாவது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. அந்த அளவுக்குள்ளும் காது எல்லாவற்றையும் ஒன்றுபோல் கேட்பதில்லை. பேச்சொலியின் நடுத்தர அதிர்வெண்களில் கூர்மையாகவும், மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் மந்தமாகவும் கேட்கிறது. இதய ஒலிகளின் பெரும்பகுதி அந்தத் தாழ்ந்த அதிர்வெண்களிலேயே அமைந்துள்ளது. ஆகவே, இதயத்தைக் கேட்க விரும்புபவர் கிடைக்கும் ஒலியில் ஒரு துளியையும் இழக்கக் கூடாது.

மரக்குழல்

காகிதச் சுருளோடு லெனெக் நிற்கவில்லை. எந்தப் பொருள் சிறந்தது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். அடர்த்தி மிகுந்த பொருளே ஒலியை நன்றாகக் கடத்தும் என்பது அக்கால நம்பிக்கை. கண்ணாடியும் உலோகமும் சிறப்பாக அமையும் என்று எதிர்பார்க்கலாம். அவை மார்பொலிகளுக்கு அவ்வளவாகப் பயன்படவில்லை. மேலும் கனமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தன. மெல்லிய சவ்வினால் ஆகிய காற்றடைத்த குழல் எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது. காகிதம், மரம், பிரம்பு போன்ற நடுத்தர அடர்த்தியுள்ள பொருள்களே நன்கு உதவின. ஏட்டில் உள்ள விதிக்கு மாறாகத் தம் காது சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார். இன்றைய விளக்கம் எளிது: இரண்டு ஊடகங்களின் தன்மை எவ்வளவு நெருக்கமாக உள்ளதோ அவ்வளவு ஒலி எல்லையைக் கடக்கும். மென்மையான மார்புத் திசுவுக்கு உலோகத்தைவிட மரம் நெருக்கமானது.

முடிவில் ஏறத்தாழ ஓர் அடி நீளமும் நடுவே சிறிய துளையும் கொண்ட மர உருளையை அமைத்தார். எடுத்துச்செல்ல வசதியாக அது இரண்டு பகுதிகளாகக் கழன்றது. மார்பில் வைக்கும் முனை புனல் போல் குடையப்பட்டிருந்தது. அப்புனலை அடைக்க ஒரு துளையிட்ட மரச்செருகியும் இருந்தது. செருகியுடன் இதயத்தையும் குரலையும் கேட்டார். செருகியை எடுத்துவிட்டு மூச்சொலியைக் கேட்டார். இன்றைய ஸ்டெதஸ்கோப்பின் தட்டையான பக்கமும் கிண்ணம் போன்ற பக்கமும் வெவ்வேறு ஒலிகளுக்குப் பயன்படுவதை அறிந்தவர்கள் இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை உணர்வர். குழல்களைத் தாமே கடைசல் இயந்திரத்தில் கடைந்தார். மார்பு, பார்த்தல் எனப் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து ஸ்டெதஸ்கோப் என்று பெயரிட்டார். கேட்பதற்கான கருவிக்குப் பார்த்தல் என்ற பெயர் பொருத்தமானதே. திறந்து பார்க்க இயலாத மார்பின் உட்புறத்தை அவர் அதன் வழியே கண்டார்.

ஒலிகளுக்கு ஓர் அகராதி

நெக்கர் மருத்துவமனையின் நோயாளிகள் பெரும்பாலும் ஏழைகள்; பலர் நோய் முற்றிய நிலையில் வந்தவர்கள். லெனெக் ஒவ்வொருவரின் மார்பையும் கேட்டுக் குறித்துவைத்தார். நோயாளி இறந்தால் பிரேதப் பரிசோதனையில் நுரையீரலையும் இதயத்தையும் தம் குறிப்போடு ஒப்பிட்டார். இவ்வாறு உருவான நூல் இரண்டு தொகுதிகளாக 1819இல் வெளிவந்தது. நூலுடன் மரக்குழலையும் வாங்கிக்கொள்ள வசதி இருந்தது.

அவர் கண்டறிந்தவற்றுள் குரல் பற்றிய பகுதி மிகச் சுவையானது. நலமான நுரையீரல் காற்றும் திசுவும் கலந்த நுரை போன்றது. கோடிக்கணக்கான சிற்றறைகளின் எல்லைகளில் ஒலி சிதறுகிறது. உயர்ந்த அதிர்வெண்கள் வடிகட்டப்படுகின்றன. ஒலியின் வேகம்கூட இங்கே காற்றிலுள்ள வேகத்தைவிடக் குறைந்துவிடுகிறது. ஆகவே நலமானவர் பேசும்போது முதுகில் கருவியை வைத்தால் முணுமுணுப்பு மட்டுமே கேட்கும், சொல் விளங்காது. நிமோனியாவில் சிற்றறைகள் நீர்மத்தால் நிறைந்து நுரையீரல் கெட்டிப்படும்போது அந்த வடிகட்டி நீங்கிவிடுகிறது. சொற்கள் தெளிவாகக் கேட்கத் தொடங்குகின்றன. நோயுற்ற நுரையீரல் நலமான நுரையீரலைவிட நன்றாகப் பேசும் என்பது முதலில் கேட்போருக்கு முரணாகத் தோன்றும். காசநோயால் குழிவு விழுந்த இடத்திலோ, நோயாளியின் குரல் மார்பிலிருந்தே நேராக வருவது போல் கருவியின் வழியே ஒலித்தது. இதற்கு மார்புப்பேச்சு எனப் பொருள்படும் பெயரை லெனெக் சூட்டினார். நுரையீரல் உறையில் நீர் கோத்திருக்கும்போது, நீர் மட்டத்தின் மேற்பகுதியில் குரல் ஆட்டின் கத்தல் போல் நடுங்கி ஒலித்தது. அதற்கும் ஆட்டுக்குரல் என்னும் பொருளிலேயே பெயரிட்டார்.

ஒப்புமைகளை அவர் வீட்டிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் எடுத்தார். ஒருவகை இரைச்சல், சூடேறிய பாத்திரத்தில் உப்பு படபடப்பது போன்றது. மற்றொன்று காட்டுப்புறாவின் கூவல் போன்றது. கழுத்துப் பகுதியில் கேட்ட இசை போன்ற ஓர் ஒலியைச் சுரக் குறியீடுகளாகவே எழுதிக் காட்டினார். மார்பின் மிகை ஒலிகளுக்கு அவர் பயன்படுத்திய பிரெஞ்சுச் சொல், சாகும் தறுவாயில் எழும் தொண்டை ஒலியையும் குறிக்கும். அதைக் கேட்டு நோயாளிகள் அஞ்சக்கூடும் என்பதால், படுக்கையருகே அதற்கு ஈடான இலத்தீன் சொல்லையே பயன்படுத்தினார். மருத்துவர்கள் தங்களுக்குள் பேசுவதை நோயாளியும் கேட்கிறார் என்பதை அவர் மறக்கவில்லை. அவரது கண்டுபிடிப்புகளுள் இதனையும் ஒன்றாகச் சேர்க்கலாம் என்பது என் கருத்து.

அவர் கூறிய அனைத்தும் சரியாக அமையவில்லை. இதயத்தின் இரண்டாம் ஒலி மேலறைகள் சுருங்குவதால் எழுகிறது என்று அவர் எழுதினார். வால்வுகள் மூடும்போது அவ்வொலி எழுகிறது என்பது அவர் மறைந்த பின்னரே தெளிவாயிற்று.

காசநோய்

லெனெக்கின் காலத்தில் பாரீசு மருத்துவமனைகளில் உயிர்களைப் பெரிதும் பறித்த நோய்களுள் காசநோயும் ஒன்று. 1810இல் அவருடைய தம்பியும், 1816இல் நெருங்கிய நண்பரான மருத்துவர் பேய்லும் அந்நோய்க்கு இரையாயினர். நுரையீரலில் சிறு மணிகளாகவும், கட்டிகளாகவும், குழிவுகளாகவும் காணப்பட்ட வெவ்வேறு தோற்றங்கள் யாவும் ஒரே நோயின் படிநிலைகளே என்று லெனெக் வாதிட்டார். அது சரியானது. ஆனால் அது தொற்றுநோய் என்பதை அவர் ஏற்கவில்லை. நீடித்த மனத்துயரத்துக்கு அதில் பெரும் பங்குண்டு என்று கருதினார். இளமையில் நோயுற்ற முதுகெலும்பொன்றை ரம்பத்தால் அறுத்தபோது இடக்கைச் சுட்டுவிரலில் கீறலேற்பட்டு, அங்கே சிறு கட்டி தோன்றியதை அவரே பதிவு செய்துள்ளார். அக்கட்டி குணமாகிவிட்டதாகவும் எழுதினார். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் அறிவித்தது 1882இல். அதனை வெல்லும் மருந்துகள் 1940களில்தான் வந்தன.

இங்கே வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மார்பொலி இயல்பாக உள்ளது என்பதனால் மட்டும் காசநோய் இல்லை என்று முடிவு செய்ய இயலாது. தொடக்க நிலையில் கருவிக்கு எதுவும் கேட்காமல் இருக்கலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பரிசோதனையும் சிகிச்சையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கருவியை வைத்துப் பார்த்த மருத்துவர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரே என்று சளி கொடுக்காமல் திரும்பிச் செல்பவர்களைப் புறநோயாளிகள் பிரிவில் இன்றும் காண்கிறோம்.

குழலின் பிற்காலம்

லெனெக்கின் நண்பரான கெர்கராதெக் அக்குழலைக் கருவுற்ற தாயின் வயிற்றில் வைத்துச் சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்டு 1821இல் அறிவித்தார். இரண்டு காதுகளிலும் பொருத்தும் வடிவத்தை நியூயார்க்கில் ஜார்ஜ் கேமன் 1852இல் உருவாக்கினார். மரக்குழல் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துக் கேட்கும் கூம்பு வடிவக் கருவி அதன் நேரடி வழித்தோன்றலே. மின்சாரமோ மின்கலமோ இல்லாமல் அது இன்றும் வேலை செய்கிறது.

இறுதி ஆண்டுகள்

நூல் வெளிவந்த ஆண்டிலேயே லெனெக்கின் உடல்நிலை தளர்ந்தது. பிரித்தானியின் கடற்கரையை அடுத்த கெர்லுவார்னெக் எனும் தம் பண்ணை வீட்டுக்குச் சென்று தங்கினார். 1821இல் பாரீசுக்குத் திரும்பி, அடுத்த ஆண்டு கொலேழ் டி பிரான்சில் பேராசிரியரானார். அயல்நாட்டு மாணவர்கள் பலர் அவரிடம் கேட்டறியும் கலையைப் பயின்று தத்தம் நாடுகளுக்குக் கொண்டுசென்றனர். 1824 டிசம்பரில் திருமணம் செய்துகொண்டார். தம் நூலின் இரண்டாம் பதிப்பைப் பெரிதும் திருத்தி எழுதும் பணி எஞ்சிய வலிமையைக் கரைத்தது. காய்ச்சலும் இருமலும் மூச்சுத் திணறலும் கூடின.

பதிப்பு 1826இல் வெளிவந்தது. அவ்வாண்டில் தம் உறவினரும் மாணவருமான மெரியாதெக் லெனெக் எனும் இளம் மருத்துவரிடம், மரக்குழலால் தம் மார்பைக் கேட்டு, கேட்பதை விவரிக்கச் சொன்னார். பிறருடைய மார்பில் தாம் பலமுறை கேட்டுப் பெயரிட்ட காசநோயின் ஒலிகளையே அவரும் விவரித்தார். அவற்றின் பொருளை அந்த அறையில் இருந்த இருவருமே அறிவர். மே மாதத்தில் லெனெக் பாரீசிலிருந்து ஊருக்குப் புறப்பட்டார். 1826 ஆகஸ்ட் 13 அன்று கெர்லுவார்னெக்கில் இறந்தபோது அவருக்கு வயது 45. தம் மருத்துவக் குறிப்புகளையும் ஸ்டெதஸ்கோப்பையும் மெரியாதெக்குக்குத் தருமாறு உயிலில் எழுதியிருந்தார்.